சார்ஜ் ஏறாத காடி

மலேசியத் தமிழ்ப் புனைவுகளில் கார் வந்தால் அது பெரும்பாலும் துரையின் கார்தான். செம்மண் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் நிற்கும். உள்ளேயிருந்து முதலில் ஒரு சப்பாத்துக்கால் இறங்கும். தொழிலாளிகள் ஒதுங்கி நிற்பார்கள். காட்சி அதோடு முடிந்துவிடும். மழைக்கால விடியலில் அந்தக் கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோது பானட்டைத் திறந்தவர் யார், அந்த வேலையை யாரிடம் கற்றார், எந்த மொழியில் கற்றார் என்று கதை கேட்பதில்லை. வரலாறும் பெரிதாகக் கேட்டதில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்கு நான் எடுத்துக்கொண்ட சாட்சி ஒரு வண்டி. பாரோயில் எங்கள் தாமானில் ஒரு மாமா வீட்டு முன்கூரையின் கீழ் நிற்கும் மோரிஸ் மைனர். எங்கள் பேச்சில் சொன்னால் காடி. தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் காடி என்றால் புளித்த நீர். நெகிரி செம்பிலானில் அது நான்கு சக்கரத்தில் ஓடும். இரண்டு வருடத்தில் இரண்டு புது பேட்டரி மாற்றியும் அந்தக் காடிக்குச் சார்ஜ் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று மாமாவோடு உட்கார்ந்து தேடினேன். மூன்று சனிக்கிழமைகள் ஆயின. தேடியது ஒரு மின்கோளாறை. கிடைத்ததில் பாதி வரலாறு.

1896

இந்த வட்டாரத்தில் காரும் ரப்பரும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்திறங்கின. கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது 1877இல். இருபது ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. மலாக்காவில் தான் சாய் யான் முதன்முதலாக வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டது 1896. சிங்கப்பூரில் முதல் மோட்டார் கார் வந்து இறங்கியதும் அதே 1896. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஒன்றில்லாமல் மற்றது இல்லை என்றாயிற்று. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1908இல் ஃபோர்டு மாடல் டி வந்தது. உலகம் டயர் கேட்டது. டயருக்குப் பால் வேண்டும், பாலுக்கு மரம் வேண்டும், மரத்துக்கு ஆள் வேண்டும். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. கங்காணிகள் திருச்சி, சேலம், தஞ்சாவூர் ஊர்களுக்குக் கிளம்பிப் போனார்கள்.

நேராகச் சொன்னால், நம் முன்னோர் இங்கே கொண்டுவரப்பட்டது கார் ஓடுவதற்காக. 1920களின் இறுதியில் தோட்டத்தில் நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது நிலையான அளவாக இருந்தது. பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் வெட்டப்பட்டது. அந்தக் கூலியில் கார் வாங்குவதைப் பற்றி யோசிக்கக்கூட முடியாது. காரோடு அவர்களுக்கு இருந்த உறவு ஒருவழிப் பாதை. இவர்கள் வெட்டிய பால் போகும், கார் துரைக்கு வரும்.

அந்த ஒருவழிப் பாதையில் சிலர் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். தோட்டத்து லோரியில் கெலிண்டானாக ஏறிய பையன்கள், இஞ்சின் கொட்டகையில் எண்ணெய் போட்டவர்கள், துரையின் காரைக் கழுவியவர்கள். லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்திலேயே ஆலைக்கும் பங்களாவுக்கும் தோட்டத்து இஞ்சினிலிருந்து மின்சாரம் போனது. அந்த ஒயரைத் தொட்டவர்கள்தான் எங்கள் பக்கத்தில் மின்சாரத்தை முதலில் அறிந்த தோட்டத் தமிழர்கள். அவர்களுக்கு முன்பே ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் இருந்தார்கள். ஆங்கிலம் படித்தவர்கள், கையேட்டைப் புரட்டத் தெரிந்தவர்கள். தோட்டத்துப் பையனுக்கு அந்த வசதி இல்லை. அவன் பார்த்துக் கற்றான், சூடு பட்டுக் கற்றான். சீனப் பட்டறைக்காரரின் அரைகுறை மலாயில் கேட்டுக் கற்றான். மெக்கானிக்குக்கு மலாயில் ‘போமென்’ என்று பெயர். ஆங்கில ஃபோர்மேன்தான் அப்படித் தேய்ந்தது. நம் ஆட்கள் அதை இன்னும் தேய்த்து ‘போமன்’ ஆக்கினார்கள். ஒரு தொழிலின் பெயரே மூன்று வாய்களில் உருண்டு வந்திருக்கிறது.

பத்தொன்பது ஆம்பியர்

மோரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1960 முடிவதற்குள் பத்து லட்சம் வண்டி தயாரானது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் அதுதான். தயாரிப்பு நின்றது 1971இல். மலாயாவில் அது துரையின் காராக இருக்கவில்லை. தலைமை ஆசிரியர், பெரிய கிராணி, மருத்துவமனை உதவியாளர், சின்னக் கடைக்காரர் என்று நடுவில் நின்றவர்களின் கார். தமிழன் சொந்தமாக வாங்க முடிந்த முதல் கார் பல குடும்பங்களில் இதுவாகத்தான் இருந்திருக்கும், அதுவும் இரண்டாம் கை, மூன்றாம் கையாக.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களின் மின்சாரம் முழுக்க ஒரே பெயரில் அடங்கும்: லூகாஸ். பர்மிங்காமில் மண்ணெண்ணெய் விற்கத் தொடங்கிய ஜோசப் லூகாஸின் கம்பெனி. 1879 வாக்கில் அவர் உயரச் சக்கர சைக்கிளுக்குச் செய்த விளக்கின் பெயர் ‘கிங் ஆஃப் த ரோட்’. சாலையின் ராஜா. பிற்காலத்தில் அவருக்கு ‘இருளின் இளவரசர்’ என்ற கிண்டல் பட்டம் கிடைத்தது, விளக்கு அணைந்துபோகும் என்பதால். சென்னை வாசகர்களுக்கு இந்தப் பெயர் வேறு விதத்தில் தெரியும். 1961இல் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து பாடியில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலையால் அங்கே ஒரு பஸ் நிறுத்தமே ‘லூகாஸ்’ ஆகிவிட்டது.

கிண்டலை அப்படியே எடுத்துக்கொள்வதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும். ஐம்பதுகளின் மைனரில் இருந்த சி39 வகைத் தைனமோ அதிகபட்சம் கொடுப்பது 19 ஆம்பியர். பின்னால் வந்த சி40 கொடுப்பது 22. செலவு எவ்வளவு? ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 84 வாட் என்றால் 12 வோல்ட்டில் 7 ஆம்பியர். சின்ன விளக்குகள், பின் விளக்குகள் 2 ஆம்பியர். இக்னிஷனுக்கு 3 அல்லது 4. வைப்பருக்கு 2 அல்லது 3. இரவு மழையில் ஓட்டினால் 15 ஆம்பியர் கையைவிட்டுப் போய்விடும். பேட்டரிக்கு மிஞ்சுவது நான்கு. அதுவும் எஞ்சின் நல்ல சுற்றில் ஓடினால்தான். சும்மா நிற்கும் வேகத்தில் தைனமோ கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. கூலியும் செலவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் வீடு மாதிரி. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் கடன்தான்.

பாரோய் சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் சாலையில் இருக்கிறது. இன்றைக்குப் பாரோய் என்றால் விளையாட்டரங்கமும் தாமான்களும் நினைவுக்கு வரும். பாரோயைத் தாண்டினால் புக்கிட் புத்துஸ் மலைப்பாதை. பழைய சாலையின் வளைவுகள் இங்கே பெயர்போனவை. நான் மேட்டில் ஏறும்போதுதான் பேட்டரி சாகும் என்று நினைத்திருந்தேன். மாமா சிரித்தார். “மேட்ல ரெண்டாம் கியர்ல போவ, இஞ்சின் நல்லா சுத்தும், வெளிச்சம் ஏறும். டவுன்ல மழயில ஊந்துகிட்டுப் போற பாரு, அப்பத்தான் லைட்டு மஞ்சளாப் போவும்.” தைனமோவின் ஆற்றல் சுற்றுக்கு ஏற்றபடி என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். வளைவை வைத்து அதைச் சொல்லிக்கொடுக்கப் பாரோய்க்காரர் வேண்டும்.

எங்கள் ஊர்களுக்கு இடையே ஓடிய மெர்சிடிஸ் டீசல் டாக்சிகளின் புகழுக்கும் இதில் ஒரு காரணம் உண்டு. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். ஒருமுறை கிளம்பிவிட்டால் பேட்டரி செத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் மைனருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பேட்டரி இறங்கினால் இக்னிஷன் இறங்கும், வண்டி நிற்கும்.

வெப்ப நாடுகளுக்கான பத்தி

மாமாவிடம் பழைய ஆங்கிலக் கையேடு ஒன்று இருக்கிறது. அட்டை போய்விட்டது. தைனமோ அத்தியாயத்தில் மட்டும் எண்ணெய்க் கறை. அதில் பேட்டரி அமிலத்தின் அடர்த்திக்கு இரண்டு அளவு கொடுத்திருக்கிறார்கள். மிதமான தட்பவெப்ப நாடுகளில் முழுச் சார்ஜில் 1.270 முதல் 1.290. வெப்ப நாடுகளில் 1.210 முதல் 1.230. சூட்டில் வீரியமான அமிலம் தகடுகளை வேகமாகத் தின்றுவிடும், அதனால் இங்கே நீர்த்த அமிலம். ரெகுலேட்டரின் வோல்ட் அளவுக்கும் அப்படியே ஓர் அட்டவணை உண்டு. வெப்பம் ஏற ஏற அளவு இறங்கும்.

எனக்கு அந்தப் பக்கம் ஒரு காலனிய ஆவணம் மாதிரித் தெரிந்தது. பர்மிங்காமில் உட்கார்ந்த பொறியாளருக்கு நம் ஊர் ஒரு பத்தி, ஒரு வெப்பநிலை எண். அவரைக் குறை சொல்ல முடியாது, எண் சரியானதுதான். ஆனால் மழைக்காலத்தில் காற்றிலேயே தண்ணீர் நிற்கும் என்பதும், செம்பு ஒயர் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும் என்பதும், பானட்டுக்குள் எறும்பு குடியேறும் என்பதும் அந்தப் பத்தியில் இல்லை. மிச்சத்தை இங்கே இருந்தவர்கள் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தேடல்

பழுது பார்ப்பதில் மாமாவுக்கு ஒரே சட்டம். “மாத்தாத. அளந்து பாரு.” இரண்டு பேட்டரி மாற்றிய பட்டறையில் அளக்கவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது, அதனால் பேட்டரி கெட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பசியோடு இருக்கிறவனைப் பார்த்து வயிறு கெட்டுவிட்டது என்று சொல்வது மாதிரி.

முதலில் கண்ணால் பார்ப்பது. பெல்ட்டை இரண்டு புல்லிகளுக்கு நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். தொய்ந்தால் வழுக்கும், இறுக்கினால் தைனமோவின் பேரிங் போகும். பெல்ட் சரியாக இருந்தது. சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரிந்தது, எஞ்சின் வேகம் பிடித்ததும் அணைந்தது. அங்கேதான் பலர் ஏமாறுவார்கள் என்றார். விளக்கு அணைந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தமில்லை. அதன் ஒரு முனை தைனமோ பக்கம், மறுமுனை இக்னிஷன் பக்கம். இரண்டு பக்க வோல்ட்டும் சமமானால் அணையும், அவ்வளவுதான். வந்த கரண்டு பேட்டரிவரை போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது.

அடுத்து தைனமோவைத் தனியாகச் சோதிப்பது. அதன் பின்புறம் இரண்டு முனைகள்: பெரியது டி, சிறியது எஃப். டி வழியாகக் கரண்டு வெளியே வரும். எஃப் வழியாகக் காந்தச் சுருளுக்கு உள்ளே போகும். இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அதற்கும் உடம்புக்கும் நடுவில் வோல்ட்மீட்டர் வைக்க வேண்டும். மைனரில் பாசிட்டிவ்தான் எர்த். ஆகவே மீட்டரின் சிவப்பு முனை உடம்புக்குப் போகும். இன்றைய கார்களோடு பழகியவர்களுக்குக் கை எதிர்ப்பக்கம் போகும். பிறகு மெல்ல வேகம் ஏற்ற வேண்டும். மீட்டர் துடிக்காமல் சீராக ஏறி இருபது வோல்ட்டைத் தொட்டால் தைனமோ நல்லது. அதற்கு மேல் விரட்டக் கூடாது. ஒன்றுமே வராவிட்டால் கார்பன் பிரஷைப் பார். அரை வோல்ட், ஒரு வோல்ட்டில் நின்றால் காந்தச் சுருளில் கோளாறு. நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். ஒரே மீட்டர், ஒரே துண்டுக் கம்பி, மூன்று நோய்க்கும் விடை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. தைனமோவுக்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது. முன்பு ஓடியபோது இரும்பில் ஒட்டிக்கொண்ட மிச்சக் காந்தம் கொஞ்சம் இருக்கும். அதை வைத்துத்தான் முதல் அரை வோல்ட். அந்த அரை வோல்ட் காந்தச் சுருளுக்குப் போய்க் காந்தத்தைக் கூட்டும், கூடிய காந்தம் வோல்ட்டைக் கூட்டும். நெடுங்காலம் கிடந்த தைனமோவில் அந்த மிச்சம்கூடப் போயிருக்கலாம். அப்போது பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை எஃப் முனையில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும், திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் தைனமோ இருபதைத் தொட்டது. அடுத்தது கண்ட்ரோல் பாக்ஸ். கறுப்பு மூடிக்குள் இரண்டு சுருள்கள். ஒன்று ரெகுலேட்டர், வோல்ட் எல்லை மீறாமல் காந்தச் சுருளுக்குப் போகும் கரண்டைக் குறைப்பது. மற்றது கட்டவுட். “கட்டவுட்டுங்கிறவன் வாசல்ல நிக்கிற காவக்காரன். வெளிய இருந்து வர்றது உள்ள இருக்கறத விட ஜாஸ்தியா இருந்தாத்தான் கதவத் தொறப்பான். இல்லன்னா பேட்டரி கரண்டு பின்பக்கமாப் போயி தைனமோவுல எரிஞ்சிரும்.” கையேடு சொல்லும் எண் 12.7 முதல் 13.3 வோல்ட். எங்கள் காவல்காரர் பதின்மூன்றில் ‘டிக்’ என்று கதவைத் திறந்தார். தொடுமுனைகளில் கரி இல்லை. பாக்ஸும் நல்லது.

எல்லாம் நல்லது, ஆனால் பேட்டரி பட்டினி. இரண்டாவது சனிக்கிழமை அங்கே முடிந்தது.

மூன்றாவது வாரம் மாமா வேறொன்று கேட்டார். இருட்டில் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் எப்படி? பளிச்சென்று இருந்தது. எஞ்சினை நிறுத்தினால்? சட்டென்று மங்கியது, பேட்டரி முழுதாக வெளியே சார்ஜ் செய்து வைத்த அன்றைக்கும். “ஆம்ட்டுக்கிச்சு” என்றார். மைனரில் விளக்குகளுக்குப் போகும் ஒயர் கண்ட்ரோல் பாக்ஸின் ஏ1 முனையிலிருந்து கிளம்புகிறது. தைனமோ ஓடும்போது விளக்குக்குப் பக்கத்திலேயே கரண்டு கிடைக்கிறது. எஞ்சின் நின்றால் பேட்டரியிலிருந்து ஒரு பழுப்பு ஒயர் வழியாக அதே பாக்ஸுக்கு வர வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அந்தப் பழுப்பு ஒயர் மட்டும். சார்ஜ் பேட்டரிக்குப் போவதும் அதே வழிதான். ஆனால் ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த ஒயர் வேறு பாதை. அதனால்தான் சார்ஜ் செய்த அன்று வண்டி சிங்கம் போல ஸ்டார்ட் ஆகி எல்லாரையும் ஏமாற்றியது.

எஞ்சினை வேகத்தில் ஓடவிட்டு பாக்ஸின் ஏ முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டர் வைத்தோம். ஒரே ஒயரின் இரண்டு முனை. கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். 1.2 வோல்ட் காட்டியது. ரெகுலேட்டர் தன் வாசலில் வோல்ட்டைப் பார்த்து ‘போதும், வயிறு நிறைந்துவிட்டது’ என்று கரண்டைக் குறைத்துக்கொண்டிருந்தது. பேட்டரிக்கோ அதில் 1.2 வோல்ட் குறைவாகத்தான் போய்ச் சேர்ந்தது. சொலினாய்டில் அந்த ஒயர் சேரும் இடத்தில் உறையை உரித்தால் செம்பு அட்டைக்கரியாகக் கறுத்திருந்தது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, புது வளையம் வைத்துப் பற்றவைத்து இறுக்கினோம். மீட்டர் 0.1க்கு இறங்கியது. தைனமோவும் பாக்ஸும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கின்றன. ஈயமும் இரண்டு அங்குல ஒயரும் தவிர வேறு செலவில்லை.

கைக்குள் இருந்த அறிவு

இன்னொரு வித்தையும் சொன்னார். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. ஆகவே எஞ்சினையும் உடம்பையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை உண்டு. அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் கரண்டு வேறு வழி தேடும். சோக் இழுக்கும் கம்பிதான் கண்ணில் படும். ஸ்டார்ட் செய்து பார்த்தபின் சோக் குமிழைத் தொட்டுப் பார்ப்பார்களாம். சுட்டால் எர்த் போச்சு. மீட்டரே வேண்டாம். அந்த வித்தையை அவருக்குச் சொன்ன பெரியவர் தோட்டத்து லோரி ஓட்டியவர், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர்.

நம் தோட்ட வரலாற்றை நாம் துயரமாகவே எழுதி வந்திருக்கிறோம். அதற்குக் காரணமும் நியாயமும் இருக்கிறது. சயாம் மரண ரயிலும் கூலிவெட்டும் கற்பனை இல்லை. ஆனால் துயரம் மட்டுமே எழுதப்படும்போது அந்த மனிதர்கள் கையும் காலுமாக மட்டும் எஞ்சிவிடுகிறார்கள். அவர்கள் யோசித்தார்கள், அளந்தார்கள், ஒரு காரணத்தை நிராகரித்து இன்னொன்றைத் தேடினார்கள் என்பது பதிவாவதில்லை. 40 காசு கூலிக்குப் பால் வெட்டிய பெண், பட்டைக்குள் இருக்கும் உயிர்த்தோலுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தியை நிறுத்தினாள். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாக நின்றால் பால் வராது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரத்தில், விடியல் இருட்டில், தொட்டறிந்த அளவு அது. பட்டறை ஆண்களின் உலகமாக இருந்தது. அங்கே போக அவளுக்கு வழியில்லை. ஆனால் மாமாவின் சோக் குமிழும் அவள் கத்தியும் ஒரே பள்ளிக்கூடத்துப் பாடம்தான். இரண்டுக்கும் சான்றிதழ் கிடையாது. இரண்டும் சம்பளப் புத்தகத்தில் ஏறவில்லை.

இதை மலேசியாவுக்கு மட்டுமான கதையாகவும் நான் பார்க்கவில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத ஆண்டுகளில் உயிரோடு ஓடியவை இதே தலைமுறைக் கார்கள்: ஆஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர். கொஞ்சம் பெட்ரோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, அதன் தைனமோவில் ரேடியோ கேட்டார்கள். அந்தச் சைக்கிள் தைனமோ 6 வோல்ட், 3 வாட். ஒரு சமூகம் உலகச் செய்தியோடு தொடர்பு வைத்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. திறக்க முடிகிற, புரிந்துகொள்ள முடிகிற பொருளாக இருந்ததால்தான் அந்தக் கார்களும் அந்தத் தைனமோவும் கைகொடுத்தன.

மூடிய பெட்டி

1960இல் அமெரிக்காவில் கிரைஸ்லரின் வேலியண்ட் காரோடு ஆல்டர்னேட்டர் பெரிய அளவில் வந்தது. சிலிக்கான் டையோடுகள் மாறுமின்னோட்டத்தை நேராக்கின. மெதுவான சுற்றிலும் கரண்டு கிடைத்தது. டவுனில் மழையில் ஊர்ந்தாலும் விளக்கு மஞ்சளாகவில்லை. 1985இல் புரோட்டோன் சாகா வந்தபோது இங்கே புதிதாகக் கார் வாங்கிய யாருக்கும் கட்டவுட் என்ற சொல்லே தேவைப்படவில்லை. ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. கெட்டால் மாற்று. அது நல்ல முன்னேற்றம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புக்கிட் புத்துஸில் நள்ளிரவில் நின்றவர் யாரும் தைனமோவுக்காக ஏங்க மாட்டார்.

போனது தைனமோ மட்டுமாக இருந்தால் பரவாயில்லை. 1969இல் வேலை அனுமதிச் சட்டம் கெடுபிடியானபோது குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் ரஜுலா போன்ற கப்பல்களில் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அதன்பின் ரப்பர் செம்பனையானது, செம்பனை தாமானானது. லயம் இருந்த இடத்தில் இப்போது நாங்கள் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் சில சொற்கள், சில கைப்பழக்கங்கள் கணக்கில் வராமல் கழிந்தன. மாமாவின் பிள்ளைகள் கணக்காய்விலும் வங்கியிலும் இருக்கிறார்கள். அதைத்தான் அவரும் விரும்பினார். “இந்த எண்ணெக் கை என்னோட போவட்டும்னுதான் படிக்க வச்சேன்” என்றார். அவர் சொல்வது சரி. ஒரு தலைமுறை மேலேறுவதற்குக் கொடுத்த விலை அது. விலை என்ன என்பதையாவது எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நான் இப்போது ஒரு பட்டியல் எழுதி வருகிறேன். காவக்காரன், பட்டினி, வெளிச்சம் ஏறுது, எர்த் போச்சு, ஆம்ட்டுக்கிச்சு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையேடு சொல்லும் அளவு, பாரோயில் கண்ட அளவு. உங்கள் ஊரிலும் யாராவது இருப்பார்: தையல் இயந்திரம் பழுது பார்த்த அத்தை, வால்வு ரேடியோ திறந்த சித்தப்பா, நெல் அரவை மோட்டார் சுற்றிய தாத்தா. எப்படிக் கஷ்டப்பட்டீர்கள் என்று கேட்டால் அவர்கள் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், சாயங்காலம் போய்விடும். பர்மிங்காமின் கையேட்டில் வெப்ப நாடுகளுக்கு ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்திக்குக் கீழே நாம் எழுத வேண்டிய பக்கங்கள் இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன.